கொஞ்சம் உட்கார விடுங்களேன்

எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி கையில் நோட்டோடு தெருவோரம் உட்கார்ந்திருந்தால் அதற்கு மூன்றே காரணம்தான் இருக்க முடியும் என்று சென்னை முடிவு கட்டி வைத்திருக்கிறது. வழி தவறிவிட்டாள். கணக்கெடுக்க வந்திருக்கிறாள். அதுவும் இல்லையென்றால், பிள்ளை வீட்டை விட்டுத் துரத்திவிட்டான். எதிரே நிற்கிற மரத்தை வரைந்துகொண்டிருக்கிறாள் என்று நாலாவதாக ஒன்று இருக்கலாம் என்பது ஒருத்தருக்கும் தோன்றுவதில்லை.

மூன்று கால் வைத்த மடக்கு ஸ்டூல் ஒன்று என்னிடம் இருக்கிறது. மந்தைவெளிப் பக்கத்துத் தெரு ஒன்றில் அதைச் சுவரோரமாகப் போட்டு, 4பி பென்சிலைச் சீவி முடித்திருக்க மாட்டேன், வாட்ச்மேன் வந்துவிடுவார். "யாரும்மா வேணும்?" யாரும் வேண்டாம் என்றால் அவருக்குச் சந்தேகம் இன்னும் வலுத்துவிடும். "அப்ப இங்க எதுக்குக் குந்தினுகிற?" அவரைச் சொல்லிக் குற்றமில்லை, மாடியிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்திருப்பார்.

அதே தெருவில் ஒரு வீட்டம்மாள் நான் வரைவதை வெகுநேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொறுக்க முடியாமல் இறங்கி வந்தாள். "மெட்ரோவுக்கு எங்க வீட்டையும் எடுக்கறாளா மாமி? உண்மையைச் சொல்லிடுங்கோ." நான் போட்டுக்கொண்டிருந்தது அவள் வாசலில் நின்ற புங்கமரம். நோட்டைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "ஓ, மரத்தை மட்டும்தான் எடுக்கறாளா?" என்றாள்.

கபாலீசுவரர் கோயில் குளத்தங்கரையில் ஒருநாள் இதைவிட மோசம். கோபுரத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் நிலை பொம்மைகளில் கண் சிக்கிக் கிடந்த நேரத்தில், விரித்திருந்த நோட்டின் மேல் டங்கென்று ஏதோ விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஒரு நல்ல மனுஷர் கும்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார். போட்டது பத்து ரூபாய் நாணயம். கடையில் வாங்க மாட்டேன் என்கிறார்களே என்று இங்கே கொண்டுவந்து தள்ளிவிட்டார் போலிருக்கிறது.

பூங்காவுக்குப் போகலாமே என்பார்கள். போனேன். நடப்பதற்குப் பாதை உண்டு, எட்டு போட்டு நடப்பதற்குத் தனிப் பாதை உண்டு, கூழாங்கல் பதித்து வெறுங்காலில் நடக்க ஒரு பாதை உண்டு. பெஞ்சும் உண்டு, மரம் இல்லாத பக்கமாகப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். நிழல் நீண்டு விழுந்து மரத்தின் முதுகும் வயிறும் தனித்தனியாகத் தெரிகிற காலை ஒன்பது, ஒன்பதரைக்கு விசில் ஊதி எல்லோரையும் வெளியே அனுப்பிப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். மறுபடி சாயங்காலம்தான். உடம்பைக் குறைக்க வருகிறவர்களுக்காக உண்டான இடம் அது. சும்மா இருக்க வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்கவில்லை.

நான் சித்திரக்காரி இல்லை. கதை எழுதிப் பேர் வாங்கியவள், அதுவும் கொஞ்சம்தான். ஆனால் ஒரு வீட்டைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் அந்த வீட்டைக் கோடாகப் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு எழுத்து ஓடும். கிணறு எந்தப் பக்கம், சமையலறையிலிருந்து வாசலில் நிற்கிறவனின் முகம் தெரியுமா, கால் மட்டும் தெரியுமா என்று கை ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். இந்த ஆசையை என்னுள் விதைத்தவர் சில்பி. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களின் எதிரே உட்கார்ந்து போட்டார். பழைய வீட்டுப் பரணில் அந்தப் பக்கங்களைக் கிழித்துத் தைத்த கட்டு ஒன்று இருந்தது. கல்லில் வெளிச்சம் எங்கே நழுவுகிறது என்பதை நான் முதலில் பார்த்தது கோயிலில் அல்ல, அந்தக் கட்டில். அதற்கப்புறம் கோபுலு. வலது கை செயலிழந்த பிறகு இடது கையால் வரையப் பழகினார் அவர். அதை நினைக்கிறபோது என் முட்டிவலியைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்த ஸ்டூல், இந்தப் புலம்பல்.

கதைக்குப் படம் போடுவதென்றால் அந்தக் காலத்தில் ஓவியர் கதையைப் படிப்பார். போன வருஷம் ஒரு பத்திரிகையில் என் கதை வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து விதவைப் பாட்டியைப் பற்றிய கதை. படத்தைக் கம்ப்யூட்டர் போட்டிருந்தது. பாட்டிக்கு நெற்றி நிறையக் குங்குமம், முந்தானை வலது தோளில், இடது கையில் ஆறு விரல். போன் செய்தேன். "உங்களுக்குக் கையால போட்டதுதான் வேணும்னா நீங்களே வரைஞ்சு அனுப்பிடுங்க மேடம், தாராளமா போடறோம். அதுக்கு மட்டும் பேமெண்ட் கிடையாது" என்றது அந்தப் பக்கத்துக் குழந்தை. குழந்தைதான், குரலைக் கேட்டால் இருபத்துமூன்றுக்கு மேல் இருக்காது. மிக மரியாதையாகவே பேசியது. மரியாதையாகப் பேசுகிறவர்களிடம் சண்டை போடுவது எவ்வளவு சிரமம் என்பது போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சென்னைக்குப் பருவமே கிடையாது, வெயில், அதைவிட வெயில், அதற்கும் மேல் வெயில் என்று சொல்லிச் சிரிக்கிறார்களே, அவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏசி அறையிலிருந்து ஏசி காருக்குப் போகிற பத்தடி தூரத்தில் பருவம் எப்படித் தெரியும்? தை பிறந்ததும் ஒரு வாதாமரத்தைப் போய்ப் பாருங்கள். அதன் கிளைகள் குடை போலச் சரியாமல் தட்டுத் தட்டாக, தரைக்கு இணையாகப் போகும். ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு இலை தனக்குத் தோன்றிய நாளில் சிவக்க ஆரம்பிக்கும். நடு நரம்பை ஒட்டி மட்டும் மஞ்சள் கொஞ்ச நாள் பிடிவாதமாக நிற்கும், பிறகு அதுவும் போய்விடும். மேலைநாட்டு இலையுதிர் காலத்தைப் பார்க்க லட்ச ரூபாய் டிக்கெட் எடுத்துப் போய்ப் படம் பிடித்து அனுப்புகிற உறவுக்காரர்கள் எனக்கு உண்டு. அவர்கள் வீட்டுக் கொல்லையிலேயே வாதாமரம் நிற்கிறது.

மாசியில் புங்கமரம் மொத்தமாக உதிர்த்துவிட்டு, இரண்டு வாரத்துக்குள் புதுத் தளிரோடு நிற்கும். அந்தப் பச்சையை என்னால் இன்றுவரை கலக்க முடியவில்லை. மஞ்சளைக் கூட்டினால் எலுமிச்சங்காய் ஆகிவிடுகிறது, குறைத்தால் கறிவேப்பிலை. பங்குனியில் வேம்பு செம்புத் தளிர் விடும், சித்திரைப் பிறப்பன்று பச்சடிக்குப் பூ கொடுக்கும். சரக்கொன்றை மஞ்சளைத் தொங்கவிடும். கத்திரி வெயிலில் மயில்கொன்றை சிவக்கும். ஐப்பசி மழை விட்ட காலையில் மரமல்லி ரோடெல்லாம் வெள்ளைக் குழல்களாகக் கிடக்கும், அதன் மேல் தண்ணீர் லாரி ஏறிப் போகும். இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போதுதான் இந்த ஊரில் பருவம் இல்லை என்கிறார்கள்.

பருவம் இருப்பது வண்ணம் தீட்டுகிறவர்களின் கைக்குத் தெரியும். சித்திரையில் வானத்துக்கு நீலம் இழுத்தால் தூரிகை தாளின் மறுகோடிக்குப் போவதற்குள் ஆரம்பித்த கோடி காய்ந்து, நடுவில் கோடு விழுந்துவிடும். ஐப்பசியில் அதே நீலம் மின்விசிறிக்கு அடியில் வைத்தாலும் காயாது, புறங்கை பட்டால் தீர்ந்தது. வைகாசியில் பென்சில் வேலை என்றால் உள்ளங்கை வேர்வையில் கரி இழுபட்டு, வரைந்த முகமெல்லாம் அம்மை போட்டதாகிவிடும். கைக்கு அடியில் மடித்த கைக்குட்டை வைத்துக்கொண்டுதான் வரைகிறேன். இதையெல்லாம் நான் சொல்ல ஆரம்பித்தால், "போட்டோ எடுத்து வச்சுண்டு வீட்டுல ஃபேனுக்கு அடியில உக்காந்து போடலாமே சித்தி?" என்கிறான் என் அக்கா பிள்ளை. போட்டோவில் வேர்க்காதுதான். போட்டோவில் அணில் ஓடாது, வெயில் நகராது, வாட்ச்மேன் வந்து கேள்வி கேட்கவும் மாட்டார். எல்லாத் தொல்லையும் போய், வரைவதற்கான காரணமும் கூடவே போய்விடும். அவனுக்குப் புரிய வைக்க எனக்குத் தெம்பில்லை.

கண்புரை ஆபரேஷன் ஆன கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வயதானால் கண்ணின் லென்ஸ் பழுப்பேறி நீலத்தை வடிகட்டிவிடுகிறது. அது மெதுவாக நடப்பதால் நமக்கே தெரிவதில்லை. புது லென்ஸ் வைத்துக் கட்டு பிரித்த அன்று வார்டுக் கதவுத் திரையின் நீலத்தைப் பார்த்து நான் திடுக்கிட்டுப் போனேன். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கு 1923இல் கண்புரை அறுவை ஆனபோதும் நிறங்கள் அவரை இப்படித்தான் பாடுபடுத்தின. இனிமேல் மழைமேகத்தை ஒழுங்காகப் போடலாம் என்று பூரித்துப் போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் சீட்டில் சொட்டு மருந்தை எழுதிக்கொண்டே, "ஆமாம்மா, இனிமே சீரியல் எல்லாம் பளிச்சுனு தெரியும்" என்றார்.

சரி, பகலில் தெருவில்தான் உட்கார விட மாட்டேன் என்கிறார்கள், ராத்திரி நாடகத்துக்குப் போனால் டிக்கெட்டோடு நாற்காலியும் கொடுப்பார்களே என்று நினைப்பீர்கள். ந. முத்துசாமி 'நாற்காலிக்காரர்' என்று ஒரு நாடகம் எழுதினார். இன்றைய சபாக்களைப் பார்த்தால் 'நாற்காலி கிடைக்காதவள்' என்று நான் ஒன்று எழுதலாம். முதல் மூன்று வரிசைக்கு வெள்ளைத் துணி போட்டு, சிறப்பு விருந்தினர் என்று தாள் ஒட்டிவிடுகிறார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் இன்றைக்கு மேடை நாடகம் பார்க்க வருகிறவர்களில் பாதிக்கு மேல் இருப்பார்கள், என் கண்ணுக்குத் தெரிந்த வரையில். அத்தனை பேரும் பின்னால் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்க, முன்னால் காலி நாற்காலிகள் நாடகம் பார்க்கின்றன.

இருட்டில் வரைவது ஒரு தனிப் பழக்கம். தாளைப் பார்க்கக் கூடாது, பார்த்தாலும் தெரியாது. கண் மேடையில் இருக்கும், கை மடியில் தன் பாட்டுக்கு ஓடும். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுப் பார்த்தால் பத்துக் கிறுக்கலில் ஒன்றில் அந்த நடிகரின் தோள் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும். பூர்ணம் விசுவநாதன் குழு 'கடவுள் வந்திருந்தார்' போட்டபோது கிறுக்கிய நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. வசனம் மறந்துவிட்டது. நின்ற நிலைகள் மறக்கவில்லை.

பக்கம் திருப்ப மட்டும் பேனா டார்ச்சை ஒரு நொடி அடிப்பேன். போன கோடையில் ஒரு அரங்கில் தொண்டர் பட்டை அணிந்த பையன் குனிந்து வந்து, "மேடம், லைட் அடிக்காதீங்க, ஆர்ட்டிஸ்டுக்கு டிஸ்டர்ப் ஆகுது" என்றான். எனக்கு முன்னால் நாலைந்து கைகள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தன, அத்தனையும் முழு வெளிச்சத்தில். அதைக் காட்டினேன். "அது ரெகார்டிங் மேடம்" என்றான், ஏதோ அதற்குத் தனிச் சட்டம் இருக்கிற மாதிரி. அன்றிலிருந்து டார்ச்சைத் தொடுவதில்லை. முன்வரிசைக்காரரின் செல்போன் வெளிச்சம் என் நோட்டில் நன்றாகவே விழுகிறது, அதை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

காட்சி ஜோடனைக்கு இப்போது எல்இடி திரை. 1940களில் நடக்கிற ஒரு குடும்பக் கதை, பின்னால் அக்ரஹாரத் தெருவென்று ஒரு படம் ஓடுகிறது. தென்னை ஆடுகிறது, ஒரு காகம் இடமிருந்து வலமாகப் பறக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அதே தென்னை, அதே ஆட்டம், அதே காகம். மேடையில் கதாநாயகி தகப்பனார் செத்த செய்தி கேட்டு அழுகிறாள். என் பக்கத்து நாற்காலி மாமா, "பதினொண்ணு" என்றார். காகத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

படுதா என்ற ஒன்றை வரைந்து பிழைத்தவர்கள் இருந்தார்கள். தர்பார் ஒன்று, தெரு ஒன்று, காடு ஒன்று என்று சுருட்டி வைத்திருப்பார்கள். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்த கொண்டையராஜு, கம்பெனி கலைந்ததும் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் அவர் சீடர்களும் போட்ட தெய்வப் படங்கள்தான் பிறகு தமிழ்நாட்டு வீடுகளின் சுவரிலெல்லாம் காலண்டராகத் தொங்கின. முருகன் பின்னால் தெரிகிற மலையையும் அருவியையும் கவனித்துப் பாருங்கள், நாடக மேடையின் காட்டுப் படுதா அது. அந்தக் காட்டில் ஒரு காகமும் பறக்காது, நடிகர் பேசுவது காதில் விழும்.

உட்காருவதைப் பற்றி எனக்குக் குறையே வராத இடம் ஒன்று உண்டு, கூத்து நடக்கிற ஊர்கள். அதற்கும் பருவம் இருக்கிறது. பங்குனி பிறந்து திரௌபதி அம்மன் கோயில்களில் கொடியேறினால் ஆடி வரைக்கும் வடமாவட்டத்துக் கூத்தாடிகளுக்கு ஓய்வில்லை. செய்யாறுப் பக்கம் புரிசை என்றால் கூத்துக்காரர்களின் ஊர், கண்ணப்பத் தம்பிரான் பிறந்த மண். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ராத்திரி முழுக்க இருந்திருக்கிறேன். ஒரு அம்மாள் தன் பாயை ஓரமாக இழுத்து, "குந்தும்மா, காலை நீட்டிக்கோ" என்றாள். எதற்கு எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. துரியோதனன் வேஷக்காரர் திரைக்குப் பின்னாலிருந்து வந்து சுழன்றபோது அவர் புஜக்கட்டையின் கண்ணாடித் துண்டுகளில் டியூப்லைட் தெறித்தது. முகவீணை ஒருபக்கம் காதைத் துளைத்தது. மூன்று மணிக்குப் பையன்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "கிரீடம் இன்னும் பெருசு பாட்டி", "மீசையை மேல தூக்கு" என்று ஆளுக்கொன்று சொல்லத் திருத்திக்கொண்டே போனேன். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த உருப்படியான விமரிசனம் அதுதான். பட்டணத்தில் கிடைப்பதெல்லாம், "இந்த வயசுலயும் எவ்ளோ ஆக்டிவா இருக்கீங்க!" படத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், அதில் ஒரு சௌகரியம்.

விடிகாலை திரும்பி வருகிற பஸ்ஸில் முதுகு விட்டுப்போனது உண்மை. இரண்டு நாள் பெண்ணிடம் திட்டு வாங்கினதும் உண்மை.

இப்போது பிரச்சினை எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. மேலே சொன்ன வாதாமரத்தை நான் எங்கோ போய்ப் பார்ப்பதில்லை, எங்கள் அடுக்குமாடிக் காம்பவுண்டுக்குள்ளேயே நிற்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் தெருவில் இருந்த மரங்களையெல்லாம் வரிசையாகச் சாய்த்தபோது ஒரு கிளையை மட்டும் கொடுத்துவிட்டுத் தப்பித்தது. அன்றிலிருந்து வருஷா வருஷம் தை மாசம் அதைப் போட்டு வைக்கிறேன். முறிந்த இடத்துத் தழும்பு எப்படி மூடிக்கொண்டு வந்தது என்பது என் நோட்டுகளில் படிப்படியாக இருக்கிறது. ஸ்டூலைத் தூக்க வேண்டாம், யாரும் யார் என்று கேட்க மாட்டார்கள், பிச்சை போட மாட்டார்கள். இந்த ஊரில் நான் நிம்மதியாக உட்கார்கிற ஒரே இடம்.

அதை வெட்டப் போகிறார்களாம். இலை கொட்டுகிறதாம். கார் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறதாம், கொட்டை விழுந்து பானெட் நசுங்குகிறதாம். வெட்டிய இடத்தில் சிமென்ட் போட்டு, "சீனியர் சிட்டிசன்ஸ் கார்னர்" என்று கிரானைட் பெஞ்ச் இரண்டு போடத் திட்டம். வெயிலில் கிரானைட்! "உங்களை மாதிரி பெரியவங்க உக்கார்றதுக்குத்தான் மாமி" என்கிறார் சங்கச் செயலாளர், என் நன்றியை எதிர்பார்த்துக்கொண்டு. பெருக்குகிற அம்மாளுக்கு மாசா மாசம் கூடுதலாக ஆகிற சம்பளத்தை என் பென்ஷனிலிருந்து கொடுத்துவிடுகிறேன், மரத்தை விடுங்கள் என்றேன். "பணம் விஷயமே இல்லை மாமி, இது பிரின்சிபிள்" என்றார். என்ன பிரின்சிபிள் என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் பேசிக்கொள்ளலாமாம். கூட்டம் மொட்டை மாடியில், காலை பதினொரு மணிக்கு. நாற்காலி அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டுமாம்.